எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது

— வார்டுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்திருக்கீங்க. என்ன விஷயம், சிஸ்டர்?

— உங்களுக்குத் தெரியாததா, டாக்டர்? காலைல ஆபரேஷன் முடிஞ்சு அந்தம்மா வயித்தைத் தைக்கப் போற நேரத்துல, ரத்தம் ஒத்தின பஞ்சுத் துணி எண்ணிக்கையில ஒண்ணு குறையுதுன்னு நிறுத்தினேன். இருபது நிமிஷம் தியேட்டரையே தலைகீழாப் புரட்டினோம். கடைசில பார்த்தா, வாளிக்குள்ள ரெண்டு துணி ரத்தத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. நான் அதை ஒண்ணுன்னு எண்ணியிருக்கேன்.

— சரி, அதனால?

— அதனாலயா? இருபது நிமிஷம் கூடுதலா மயக்கத்துல கிடந்தாங்களே அவங்க.

— இப்பதான் பார்த்துட்டு வரேன். எப்ப வீட்டுக்கு விடுவீங்கன்னு பிடுங்கி எடுக்குறாங்க.

— மயக்க மருந்து குடுக்குற டாக்டர், ‘ஒண்ணு ரெண்டு தெரியாத ஆளை யாரு உள்ள விட்டது’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

— அவர்கிட்ட பேசிட்டேன். அவரே வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பார். என் கவலை வேற. மத்தியானக் கேஸ்ல பெரிய சிஸ்டர் எப்படி எண்ணினாங்க, கவனிச்சீங்களா?

— வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாங்க.

— சரிபார்ப்புத் தாள்ல மட்டும் எல்லாக் கட்டத்துலயும் டிக் அழகா விழுந்திருக்கு. நம்ம ஆளுங்களைச் சத்தமா எண்ண வைக்க மூணு மாசம் ஆச்சு. ஒரே சிரிப்புல போயிடும் போல.

— என்னாலதான்.

— சிரிச்சவங்களால.

— நாளைக்கும் நான் தப்பா எண்ணிட்டா?

— நாளைக்கும் தேடுவோம். தேடாம விட்ட கேஸ் ஒண்ணு எனக்குத் தெரியும். வேற ஆஸ்பத்திரி, பத்து வருஷம் இருக்கும். துணி குறையுதுன்னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. டாக்டருக்கு அடுத்த கேஸுக்கு நேரமாச்சு. ‘உனக்கு எண்ணத் தெரியல’ன்னு தைச்சு மூடிட்டார்.

— ஐயோ. உள்ளதான் இருந்துச்சா?

— நாலு மாசம் வலியில துடிச்சாங்க அந்தப் பேஷண்ட். மறுபடி திறந்து எடுத்தாங்க. நல்லவேளை, பிழைச்சுட்டாங்க.

— அந்த சிஸ்டர்?

— அப்புறம் எதுக்குமே அவங்க வாய் திறக்கல.

— அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். அந்த டாக்டரை ஒருத்தரும் கேக்கலையா? இப்ப எங்க இருக்கார் அந்த ஆளு?

— உங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்கார், சிஸ்டர். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவருக்கு ஒரு கேஸ் இருக்கு. நீங்க பக்கத்துல நின்னு, அவர் காதுல விழற மாதிரி எண்ணணும்னு கேக்குறார்.