ராக்கெட்டை நிறுத்திய பெண்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

"கிளம்ப இருந்த ராக்கெட்டையே நிறுத்திட்டா எம் பொண்ணு."

"இன்னாக்கா சொல்ற?"

"ராக்கெட் உடற எடத்துலதானே அவளுக்கு வேலை. போன வாரம் ஒரு வால்வு சரியா மூடலன்னு அவ கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிது. உடனே நிறுத்தச் சொல்லிட்டா. அவளோட மேலதிகாரி எல்லார் முன்னாடியும், 'பொம்பளைய உக்கார வெச்சா இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் பயம்'னாராம்."

"அழுதுட்டாளா?"

"எதுக்கு அழுவணும்? 'பயம் இல்ல சார், வால்வு மூடல. ஆள் அனுப்பிப் பாருங்க'ன்னா. பார்த்தா நெசமாவே கேஸ் கசிஞ்சிகினு இருந்துச்சாம். உட்டிருந்தா வெடிச்சிருக்கும்."

"அப்பாடி! அப்புறம்?"

"சரி பண்ணி, நேத்து திரும்ப கெளப்புனாங்க. ஒவ்வொருத்தரா 'போலாமா'ன்னு கேட்டுகினே வந்து, இவளையும் கேட்டாங்க. 'போலாம்'னா. ஜம்முனு போயிடுச்சு!"

பருத்திப்பட்டு வந்தது. இறங்க எழுந்த தோழி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "டிவியில காட்டுனாங்களா?"

அந்த அம்மா போனை நீட்டினார். "இதோ, எல்லாரும் கைதட்டுறாங்க பாரு. நடுவுல நிக்கிறது எம் பொண்ணு. பின்னால எல்லாரையும் விட ஜோரா தட்டுறாரே, அவருதான் அந்த அதிகாரி."