இடக்காதில் ஓர் எச்சில் சுரப்பி

ரூபிகா: ...இல்ல, நான் கேக்கிறது ஒண்டுதான். வெட்ட வேண்டாமெண்டு காது டொக்டரே சொல்லேக்க, நீங்கள் ஏன் வெட்டத்தான் வேணுமெண்டு நிண்டனீங்கள்? பொறுங்கோ, நான் இந்தப் பக்கம் வாறன்... ம், இப்ப சொல்லுங்கோ.

திலக்ஷன்: இவ்வளவு சனத்துக்குள்ள, காலி ரோட்டில வைச்சோ இதைக் கதைக்கிறது? பஸ் வரட்டும், ரூபி.

ரூபிகா: பஸ்ஸுக்குள்ள கதைச்சா எங்கட கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியவரும். இஞ்சையே கதைப்பம்.

திலக்ஷன்: காதுக்குள்ள கட்டி இருக்கு. எடுக்கிறது. அவ்வளவுதான்.

ரூபிகா: கட்டியோ? துண்டு எடுத்து லாபில பாத்தாச்சு, கான்சர் இல்ல எண்டார். வாய்க்குள்ள இருக்கவேண்டிய எச்சில் சுரப்பி... தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்கையே வழிதவறி உங்கட காதுக்குள்ள போய்க் குந்தியிட்டுது. அது தன்பாட்டில இருக்கட்டுமாம்.

திலக்ஷன்: எச்சிலுக்குக் காதுக்குள்ள என்ன வேலை?

ரூபிகா: அதை அதிட்டக் கேளுங்கோ. முகத்து நரம்போட ஒட்டிக்கொண்டெல்லோ இருக்கு. கிளறினா வாய் கோணலாம், கண் மூடாமப் போகலாம். மெஷின் போட்டாக் கேக்கும் எண்டவர்தானே?

திலக்ஷன்: மெஷின் வேண்டாம்.

ரூபிகா: ஏன்?

திலக்ஷன்: வெளியில தெரியும்.

ரூபிகா: கோணின வாய் தெரியாதோ? கடவுளே... இந்த மனுசனோட நான்...

திலக்ஷன்: மெல்லக் கதையும். வாய் கோணினா வாதம் எண்டு சொல்லலாம், அது ஆருக்கும் வரும். தங்கச்சி சுபாஷினிக்கு இப்பதான் வெள்ளவத்தையில சம்பந்தம் சரிவந்திருக்கு. தமையன் மெஷினோட போய் நிண்டா, செவிட்டுக் குடும்பமெண்டு மாப்பிள்ளை வீட்டார் விட்டிட்டுப் போயிடுவினம்.

ரூபிகா: இது பரம்பரை வருத்தம் இல்லையெண்டும் அவர் சொன்னவர்.

திலக்ஷன்: அதை ஆர் கேக்கப் போயினம்? எங்கட கலியாணத்துக்கும் அம்மா மறைக்கத்தானே...

ரூபிகா: நில்லுங்கோ. எங்கட கலியாணத்துக்கோ? போன மாசம் கடல்ல குளிக்கேக்க தண்ணி போய் அடைச்சதெண்டு என்னட்டச் சொன்னது ஆர்? வாயைத் திறவுங்கோ. அது இன்னும் கோணேல்லத்தானே.

திலக்ஷன்: பிறந்ததில இருந்தே அந்தக் காது கேக்காது, ரூபி. உம்மட்ட மறைச்சது பிழைதான். என்னோட எவ்வளவும் கோவியும்... சுபாஷினியின்ர கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேயும்.

ரூபிகா: ரோட்டிலயும் கட்டில்லயும் இவ்வளவு வருஷமா உங்கட வலப்பக்கமே நான் ஏன் நிக்கிறன் எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ? நீங்களா எப்ப வாய் திறப்பீங்கள் எண்டு பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. மாப்பிள்ளையின்ர தாயிட்ட நானே போய்ச் சொல்லியிட்டன்... அதைக் கேட்ட பிறகுதான் அவையள் கலியாணத்துக்கு நாளே வைச்சவை.