மூன்று இலக்க மிஷின்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்து கொஞ்சம்தான் வரும். காது நன்றாகக் கேட்கும்.

சுனாமி அடித்து இரண்டாம் வாரம், களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் அகதி முகாமில் வேலை செய்யும் ஓர் இளம் உத்தியோகத்தரும், அவரைவிட மூத்த ஒரு பெண்ணும் இருந்தார்கள்.

"ஆயிரம் பேர் வந்தா என்ர கணக்கில ஒருத்தரும் இல்லக்கா," என்றார் அவர்.

"என்ன தம்பி விசர்க்கதை?"

"இந்த எண்ணுற மிஷினப் பாருங்க. ஆளுக்கு ஒருக்கா அமத்தணும். மூண்டு இலக்கம்தான் இருக்கு. தொள்ளாயிரத்தித் தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு அமத்தினா மூண்டும் பூச்சியம். நேற்றுக் காலம்பற ஆயிரத்தி ஒன்பது பேர். மிஷின் ஒன்பது எண்டுது. நானும் ஒன்பது எண்டு எழுதி அனுப்பிற்றன்."

"கண்ணால பார்க்கல்லயா?"

"கண் பார்த்ததுதான். படிச்ச மூளை மிஷின நம்பிற்று. மத்தியானம் ஒன்பது சோத்துப் பார்சல் வந்திச்சு. கொண்டுவந்தவன், 'மிஞ்சினா சொல்லுங்க' எண்டான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சனம் சாப்பிட்டதா?"

"பொழுதுபடத்தான். ஊர்ச் சனம் வீடு வீடாச் சமைச்சுத் தந்தது. ஒரு அம்மா எனக்கும் ஒரு பிடி தந்திற்று, 'நீயும் அந்த ஒன்பதிலயா மகன்?' எண்டு கேட்டா."

"இண்டைக்கு என்ன செய்யப் போறாய்?"

"ஐந்நூறு ஆனதும் வரிசைய நிப்பாட்டுவன். அதக் கொப்பியில எழுதிப்போட்டு, திரும்பப் பூச்சியத்தில இருந்து எண்ணுவன். கடைசியில எல்லாத்தையும் கூட்டுவன்."

"கூட்டத் தெரியுமா?"

"அதுக்குத்தானே நீங்க வாறீங்க."

குருக்கள்மடத்தில் இருவரும் இறங்கினார்கள். பள்ளிக்கூட மதிலோரம் வரிசை அதற்குள் நீண்டிருந்தது.

பேத்தி, நான் எழுதிய இதை ஒருக்கால் வாசித்துக் காட்டு. அவர் சொன்ன தொகையில் ஆயிரத்தை நானும் விட்டுவிட்டேனா என்று பார்.