கடை வாசலில் பள்ளம்

தி.நகரிலிருந்து மயிலாப்பூர் போகும் பேருந்து, மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்த தடுப்பை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும்.

“நம்ம கடை வாசல்ல பள்ளம் தோண்டுதானே, அவன் படிச்ச படிப்பையா நீ படிக்கப்போற?”

அப்பாவின் பேச்சில் திருநெல்வேலி. மடியில் ஜவுளிக்கடைப் பை. மகள் கைபேசியில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விருப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆமாப்பா. சிவில்தான் ஃபர்ஸ்ட்.”

“கம்ப்யூட்டர்னா வேலை நிச்சயம் தாயி. சிவிலுக்கு யாரு வேலை குடுக்கா?”

“மூணு வருஷமா வாசல்ல பள்ளம்னு திட்டுறீங்க. அந்த மூணு வருஷமும் அவங்களுக்கு வேலை இருந்துச்சே.”

பக்கத்தில் நின்ற அம்மாள் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதுக்காகவா படிக்கப்போற?”

“இல்லப்பா. நான் கடைக்கு வந்தா துணியையா பாத்தேன்? பள்ளத்தைத்தானே பாத்துட்டு நின்னேன்.”

அப்பாவின் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது.

“ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கப்பா. லிஸ்டை லாக் பண்ணணும். அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாக ஐந்து எண்களைச் சொன்னார். ஆறாவதைச் சொல்லாமல் நிறுத்தினார்.

“என் கடை வாசல்ல மட்டும் தோண்ட மாட்டேன்னு சொல்லு.”

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

“மண்ணைப் பாத்துட்டுத்தான்பா சொல்ல முடியும்.”

அவர் மறுபடி கைபேசியைப் பார்த்தார்.

“எட்டு” என்றார்.