முட்டை மூழ்கும் பாடம்

எங்கள் பள்ளியில் டீ நன்றாக இருக்கும், சார். இஞ்சி தட்டிப் போடுவார்கள். என் மனைவி ரீனா அங்கே வேலை பார்த்தபோது தினமும் வந்து அதைத்தான் சொல்வாள்.

வடமதுரை ரோட்டில் இருக்கிற தனியார் பள்ளி. இயற்பியல் ஆசிரியர் இடம் ஒன்றுதான் காலி. நாங்கள் இருவரும் பி.எட். முடித்தவர்கள். இருவரும் விண்ணப்பித்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

டெமோ வகுப்புக்கு நான் மிதப்பு விசையை எடுத்துக்கொண்டேன். முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கரைத்தால் மேலே வரும். வாரம் முழுக்க அடுப்படியில் நடத்திப் பார்த்தேன். ரீனாதான் மாணவி. “கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க, அப்பத்தான் வாத்தியார் களை வருது” என்று கேலி செய்வாள்.

அன்று அவளை முதலில் அழைத்தார்கள். அடுத்துப் போய் நான் முட்டையை எடுத்ததும் தாளாளர் சிரித்துவிட்டார். “என்ன சார், இப்பத்தான ஒரு மேடம் இதையே நடத்திட்டுப் போறாங்க. அம்புட்டுப் பேருக்கும் முட்டைதானா? வேற ஏதாச்சும் நடத்துங்க.”

எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

வேலை அவளுக்குக் கிடைத்தது. “யாருக்குக் கிடைச்சா என்னங்க, நம்ம வீட்டுக்குத்தான வருது?” என்றாள். நான் திருப்பிக் கொண்டுவந்த முட்டையை எனக்கே பொரித்து வைத்தாள். சாப்பிட்டேன்.

காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆத்தூர் அணைக்குப் போனோம். முகம் கழுவப் படியில் இறங்கினாள். “இன்னும் ரெண்டு படி எறங்கு, அங்கதான் தெளிவா இருக்கு” என்றேன். அந்தப் படியில் பாசி இருப்பது எனக்குத் தெரியும். நான் நீந்திப் பழகிய இடம் அது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

வழுக்கியதும் கையை நீட்டினாள். “ஏங்க” என்றாள்.

பரிசல்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது நல்ல தண்ணீர், சார். உப்பே கிடையாது.

நான் அவளைத் தொடக்கூட இல்லை. அவளுடையது எதையும் நான் எடுத்ததுமில்லை.

காலியான இடத்துக்குத் தாளாளரே என்னைக் கூப்பிட்டார். டெமோ எல்லாம் வேண்டாம் என்றார். நான்தான் கேட்டு நடத்தினேன். முட்டை மூழ்கியது. உப்பைப் போட்டேன், மிதந்தது. தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த முறை எனக்கு முன்னால் யாரும் அதை நடத்தியிருக்கவில்லை.