குடைக்குள் கேட்ட சொல்

— என்ன அத்தை, லிஸ்பன் சுத்திப் பாத்துட்டு வந்த முகமா இது? ஏர்போர்ட்ல இருந்து உர்ருன்னே வர்றீங்க.

— ரோட்டைப் பாத்து ஓட்டு பிரவீணா. எனக்கு ஒண்டுமில்லை.

— போன்ல தினம் அந்த கைடு புராணம்தானே? ஜுவாக்கிம் அங்க கூட்டிட்டுப் போனாரு, ஜுவாக்கிம் இதைக் காட்டினாருன்னு. கடைசி ரெண்டு நாளா அவர் பேரையே காணோம்.

— அவரின்ரை கதையை விடு பிள்ளை.

— விடமாட்டேன். இந்த மெல்போர்ன் டிராஃபிக்ல நம்ம மல்கிரேவ் வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

— சரி, சொல்லுறன். ஆனா உன்ரை மனுசனிட்டை மூச்சு விடப்படாது. அம்மாக்கு இந்த வயசிலை என்ன கூத்தெண்டு கேப்பான் பிரஷாந்தன்.

— சத்தியமா சொல்ல மாட்டேன்.

— அல்ஃபாமா எண்டு பழைய பகுதி. ஒழுங்கை முழுக்கப் படிதான், கார் நுழையேலாது. தலைக்கு மேலை கொடியிலை உடுப்புக் காயுது, சந்திக்குச் சந்தி மீன் சுடுற மணம். ஏறேக்கை மழை பிடிச்சிட்டுது. கூட வந்த வெள்ளையள் எல்லாம் கோப்பிக் கடைக்குள்ளை ஓடிட்டுதுகள். நானும் அவரும் ஒரு குடைக்குள்ளை.

— ஓஹோ!

— சும்மா இரு. என்ரை காலைக் காட்டி "சப்பாத்து" எண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நீங்கள் ஷூ எண்டுறதுக்கு நாங்கள் சொல்லுற அதே சப்பாத்து! பிறகென்ன, ரெண்டு பாசையிலையும் ஒண்டாய் இருக்கிற சொல்லுத் தேடுறதுதான் எங்களுக்கு விளையாட்டு. கதிரை, யன்னல், விறாந்தை, குசினி...

— ஜன்னல் எங்க சென்னையிலயும் ஜன்னல்தான்! கிச்சனை நீங்க குசினின்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

— நீ கலியாணம் முடிச்சு வந்த நாளிலை இருந்து சிரிக்கிறாய். அவர் சிரிக்கேல்லை. மாமா செத்தாப் பிறகு நான் கதைக்கிறதை இப்பிடி ஆசையாய்க் கேட்ட ஆள் வேறை இல்லை பிள்ளை. எனக்கு அவரைப் பிடிச்சுத்தான் இருந்தது.

— அப்புறம்?

— மேட்டிலை நிண்டு ஆத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். மெல்லமாய்க் கலியாணம் கேட்டவர்.

— அய்யோ அத்தை! நீங்க?

— வெக்கத்தை விட்டு "சிம்" எண்டன். ஓம் எண்டு அவையின்ரை பாசையிலை.

— அவரு?

— முகம் செத்துப்போச்சு. குடையை என்ரை கையிலை தந்திட்டு, மழைக்குள்ளை தள்ளித் தள்ளி நடந்தார். கேட்டுப்போட்டுப் பயந்திட்டார். என்ரை மானம் போச்சு.

— இருங்க, இருங்க. என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாரு?

— "கசாதா?" எண்டு. கொழும்பிலை நான் வேலை பாத்த கந்தோரிலை என்ரை சிங்களச் சினேகிதியள் கலியாணத்தைக் கசாத எண்டுதானே சொல்லுவினம். அதுவும் போத்துக்கீசர் விட்டிட்டுப் போன சொல்லுத்தான்.

— அத்தை! எங்க டீம்ல ஒரு பிரேசில் பொண்ணு இருக்கா, அவளும் போர்ச்சுகீஸ்தான் பேசுவா. வேலைக்குச் சேந்த அன்னைக்கே என்கிட்ட இதைத்தான் கேட்டா. கல்யாணம் ஆயிடுச்சான்னு அர்த்தம்!

— என்ன?

— நீங்க ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க.

— கடவுளே! அப்ப அந்த மனுசன்... காரை நிப்பாட்டு!

— இதோ, பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டேன். அங்க இப்ப காலைதான், போன் போடுங்க. "நோ கசாதா"ன்னு சொல்லுங்க, போதும்.

— கலியாணம் வேண்டாமெண்டு என்ரை வாயாலையே சொல்லச் சொல்லுறியே?

— அப்படிச் சொன்னாத்தான் அத்தை நடக்கும்.

— மணி அடிக்குது... ஹலோ, ஜுவாக்கிம்? யோகா கதைக்கிறன். நோ கசாதா! நோ, நோ, நோ!