ஆய்வகத்திலிருந்து நீலசந்திராவுக்குப் போன குப்பி

என் பெயர் குளோரியா. வயது 41. தந்தை பெயர் எரிக். பிரேசர் டவுனில் வசிக்கிறேன். தனியார் ஆய்வகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கன்னடம் பேசுவேன், சரியாக வாசிக்க வராது என்பதால் ஏட்டு அவர்கள் இதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

நாய்களுக்கு நோய் தரும் ஒரு வைரஸை, நோய் உண்டாக்காதபடி மாற்றி, அதற்குள் நல்ல மரபணு ஒன்றை வைத்து எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பது எங்கள் வேலை. அந்த வைரஸ் நரம்பின் வழியாகவே ஏறி நரம்பணுவுக்குள் போய்ச் சேரும். பின்னங்கால் செயலிழந்துபோன எலிகளில் சில அதன் பிறகு நடந்தன.

சரவணன் எங்கள் கட்டடத்தின் ஏசி மெக்கானிக். ஃப்ரீசர்களையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். அவருடைய மகள் தர்ஷினிக்கு ஆறு வயது. நரம்பு நோயால் நிற்க முடியாது. போன வாரம் அவர் கேட்டதால் எலி நடக்கும் வீடியோவை என் போனில் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். அதன் பிறகு மருந்துக் குப்பியின் மூடி என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஃப்ரீசரைத் திறந்தபோது பச்சை மூடிக் குப்பி ஒன்று குறைந்திருந்தது. சரவணன் அன்று வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் மேலாளரிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நீலசந்திராவில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். மேலாளர் புகார் கொடுத்து, போலீஸ் வருகிறது என்று சரவணனுக்குத் தெரிந்தால் அவசரப்பட்டு ஊசியைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன்.

கதவு திறந்திருந்தது. அவர் மனைவி சின்னத்தாயி மகளை மடியில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். சரவணன் கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்சு இருந்தது. "மேடம், ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வந்திருக்கலாமில்ல?" என்றார். நிறுத்தச் சொன்னேன். "எலி நடந்துச்சே, நானே பார்த்தேனே" என்றார்.

"ஒம்போது எலிக்குப் போட்டோம். ஆறு நடந்துச்சு. மூணு செத்துப்போச்சு, சரவணன். அத நான் உங்ககிட்ட சொல்லல."

சின்னத்தாயி மகளின் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டார். "இத ஏங்க மொதல்லயே சொல்லல?" என்று கேட்டார். வீடியோவைப் பார்த்த அன்று சரவணன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகு சரவணன் சிரிஞ்சை மூடி என்னிடம் கொடுத்தார். யாரும் அவரைப் பிடித்து இழுத்து வரவில்லை. அவராகவே என்னுடன் ஆட்டோவில் ஏறி வந்து, பன்னிரண்டு மணிக்கு முன்பே மேலாளர் முன் நின்று, எடுத்தது தான்தான் என்றார். ஆட்டோவில் ஒரே ஒரு முறை பேசினார்: "அந்த மூணும் வலியில செத்துச்சா மேடம்?" ஆமாம் என்றேன்.

குழந்தைக்கு ஊசி போடப்படவில்லை. ஆய்வகம் கொடுத்த புகாரில் இது இல்லாததால் இங்கே எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யார் வற்புறுத்தியும் சொல்லவில்லை.

(ஒப்பம்) எ. குளோரியா